தேர்வில் 92 மார்க்... மாவுக் கணக்கில் எத்தனை?

திருப்பூர் பக்கம் ஒரு வீடு. இரவு ஒன்பது மணி. கிரைண்டரைக் கழுவி வைத்துவிட்டு, பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார் அம்மா. டப்பாவுக்குள் பணம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு.

மகள் பிளஸ் ஒன், வணிகவியல் பிரிவு. காலாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் 92 மார்க். அன்று மாலைதான் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டியிருந்தாள்.

"கண்ணு, நீதான் கணக்குப் படிக்கிறியே. மாவு விக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. லாபமா நட்டமா, எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு."

மகள் டப்பாவிலிருந்த பணத்தை எண்ணினாள். 9,500 ரூபாய் இருந்தது.

"9,500 ரூபாய் லாபம்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மாவு வியாபாரம் தொடங்கும் முன் அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாதம் 12,000 ரூபாய் சம்பளம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முதுகு ஒடிய ஆட்டி, தெருத் தெருவாகக் கொடுத்துவிட்டு வந்தால் 9,500தானா?

"அப்ப கம்பெனிக்கே போயிரலாம் போலிருக்கே. சனிக்கிழமை கடன் குடுக்கிறவரு வர்றாரு. ரெண்டாவது கிரைண்டர் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்ன ஒற்றை எண்ணை வைத்து அம்மா ஒரு தொழிலையே மூடப் பார்க்கிறார். அந்த எண் சரிதானா?

சரியில்லை. 9,500 என்பது டப்பாவில் இருந்த பணம். லாபம் வேறு.

தெரிந்த பாடம்தான்

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தெரியாத பாடம் எதுவும் இதில் இல்லை. பெறுபவர் பற்று, தருபவர் வரவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கடனாளிகள் யார், கடனீந்தோர் யார், தேய்மானம் என்றால் என்ன, எடுப்புகள் என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் இரண்டு மதிப்பெண் விடை மனப்பாடம். குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு தயாரிக்கவும் வரும்.

ஆனால் தேர்வில் வரும் கணக்கு எப்படி வரும்? ‘கடனாளிகள் 6,000, தேய்மானம் 500’ என்று பெயர் ஒட்டியே வரும். எது எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் தெரிந்தால் போதும். வீட்டுக் கணக்கில் யாரும் பெயர் ஒட்டித் தருவதில்லை. ‘டிபன் கடைக்காரர் அப்புறம் தரேன்னார்’ என்றுதான் அது வரும். அதுதான் கடனாளி என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான பரீட்சை.

பள்ளியில் நடக்கும் தேர்வின் மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே மாதிரி திருத்த வேண்டும் என்றால், ஒரே விடை வரும் கேள்விகள்தான் வசதி. மேல்நிலை வகுப்புகளின் 90 மதிப்பெண் வினாத்தாளில் 20 மதிப்பெண், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே போகிறது. மாணவர்களும் பாடப்புத்தகத்தில் பாடத்தின் முடிவில் உள்ள கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்துத் தயாராகிறார்கள். அதில் தப்பில்லை. அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, ‘பிள்ளைக்குக் கணக்கு வழக்கு தெரியும்’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோமே, அங்கேதான் பிசகு.

வணிகவியல் எடுக்காத பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரலாறு, புவியியல், குடிமையியலோடு பொருளியலும் கொஞ்சம் வரும். மொத்த உள்நாட்டு உற்பத்தி, உலகமயமாதல், வரிகள் என்று படிப்பார்கள். அதோடு சரி. அறிவியல் பிரிவுக்குப் போகும் பிள்ளை அதன்பிறகு வட்டி, பணவீக்கம் பற்றி வகுப்பில் கேட்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் 18 வயது நிறைந்ததும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தகுதி எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அறிவியல் பிரிவா, வணிகவியல் பிரிவா என்று கடன் தரும் செயலி கேட்பதில்லை.

ஒரு பெட்டித் தக்காளி

வேறு மாதிரியும் கேட்க முடியும். பிசா என்ற சர்வதேசத் தேர்வு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடப்பது. 2012-லிருந்து அதில் நிதி அறிவுக்கென்று தனிப் பகுதியும் இருக்கிறது. முதல் முறை கேட்ட கேள்விகளில் ஒன்று தக்காளி பற்றியது.

சந்தையில் தக்காளி சில்லறையாக வாங்கினால் கிலோ 2.75. பத்துக் கிலோ பெட்டியாக வாங்கினால் 22. பணத்தின் பெயர் ‘செட்’. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கற்பனைப் பணம்.

பெட்டியாக வாங்குவதே லாபம் என்று ஒருவர் சொல்கிறார், அதற்குக் காரணம் சொல் என்பது முதல் கேள்வி. வகுத்துப் பார்த்தால் பெட்டியில் கிலோ 2.20தான் ஆகிறது. சுலபம்.

அடுத்த கேள்விதான் அழகு. பெட்டியாக வாங்குவது சிலருக்குத் தவறான முடிவாக இருக்கலாம், ஏன்?

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பத்துக் கிலோ தக்காளி அழுகிப்போகும். அல்லது கையில் மொத்தமாக 22 இருக்காது. இதைச் சொல்லும் பிள்ளைக்கு மார்க். ‘அலகு விலை’ என்பதன் வரையறை தெரியவேண்டியதில்லை, அதை வைத்து யோசிக்கத் தெரிந்தால் போதும்.

2022-ல் நடந்த சுற்றில், கலந்துகொண்ட ஓஇசிடி நாடுகளில் சராசரியாக 18 சதவீத மாணவர்கள் அடிப்படை நிலையைக்கூடத் தொடவில்லை. வசதியான நாடுகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை. இந்தியாவிலும் தேசிய நிதிக் கல்வி மையம் 6 முதல் 12 வரையிலான மாணவர்களுக்கு நிதி அறிவுத் தேர்வு நடத்தி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய மையம் அது.

யோசித்தால் இது நமக்குப் புதிதும் இல்லை. பர்மா, மலேயா என்று கடை வைத்த செட்டிநாட்டு நகரத்தார், பையன்களைச் சின்ன வயதிலேயே கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள் ஆக முடியும். முடிவில் ஐந்தொகை நேராக நிற்க வேண்டும். அங்கே கேள்வித்தாள் எல்லாம் கிடையாது. கடையே கேள்வித்தாள்.

மிஸ் கேட்ட நாலு கேள்வி

மறுநாள் மகள் அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வணிகவியல் ஆசிரியையிடம் போனாள். "மிஸ், எங்கம்மாவோட கணக்கு. எவ்வளவு லாபம்னு சொல்லுங்க மிஸ்."

மிஸ் விடை சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மொத்தம் எவ்வளவு மாவு வித்துச்சு?"

நாளைக்கு 30 கிலோ, கிலோ 50 ரூபாய். முப்பது நாளைக்கு 45,000. ஆனால் கைக்கு வந்தது 39,000தான். மீதி 6,000 டிபன் கடைக்காரர் தரவேண்டியது.

"வராத பணம் விற்பனையில சேருமா, சேராதா?"

மாவு போய்விட்டது, கடைக்காரர் இட்லி சுட்டு விற்றும்விட்டார். விற்பனை முடிந்தது, பணம்தான் பாக்கி. ஆகவே சேரும். மகள் முணுமுணுத்தாள்: "கடனாளி!"

"அரிசி உளுந்து?"

மளிகைக் கடை அண்ணாச்சிக்குக் கொடுத்தது 18,000. அவர் சிட்டையில் இன்னும் 6,000 பாக்கி நிற்கிறது. வாங்கிய எல்லாவற்றையும் ஆட்டி முடித்தாகிவிட்டது. கொடுத்தது 18,000 என்றாலும் செலவு 24,000. இங்கே அண்ணாச்சி கடனீந்தோர். கரன்ட்டுக்கும் கவருக்கும் 2,500.

"வீட்டுக்கு எடுத்தீங்களா?"

9,000. ஸ்கூல் பஸ், கேஸ், பால் எல்லாம். அது மாவு வியாபாரத்தின் செலவு இல்லை. அம்மா தன் தொழிலிலிருந்து தனக்கென்று எடுத்துக்கொண்டது. எடுப்புகள். லாபத்தைக் கணக்குப் போடும்போது அதைக் கழிக்கக் கூடாது.

"கடைசியா ஒண்ணு. கிரைண்டர் எவ்வளவு? எத்தனை வருஷம் உழைக்கும்?"

சேமிப்பிலிருந்து 30,000 போட்டு வாங்கியது. ஐந்து வருஷம் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். 60 மாதம். அப்படியானால் மாதம் 500 ரூபாய் தேய்கிறது. டப்பாவிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை, ஆனாலும் அது செலவு. இன்று அதை ஒதுக்கி வைக்காவிட்டால், ஐந்து வருஷம் கழித்து அடுத்த கிரைண்டருக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

நாலு கேள்வி என்று தொடங்கியது ஐந்தாகிவிட்டது. மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்:

விற்பனை – 45,000
அரிசி, உளுந்து – 24,000
கரன்ட், கவர் – 2,500
தேய்மானம் – 500
லாபம் – 18,000

டப்பாவில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

"அப்ப மீதிப் பணம் எங்க போச்சுன்னு அம்மா கேட்பாங்களே?" என்றார் மிஸ். மகள் அதையும் எழுதிப் பார்த்தாள். டப்பாவில் 9,500. வீட்டுக்கு எடுத்த 9,000, டிபன் கடைப் பாக்கி 6,000 இரண்டையும் கூட்டினால் 24,500. அண்ணாச்சிக்குத் தரவேண்டிய 6,000-ஐயும் தேய்மானம் 500-ஐயும் கழித்தால், மிகச் சரியாக 18,000. கணக்கு நேராக நின்றது.

சம்பளத்தை எங்கே எழுதுவது?

மகள் துள்ளிக்கொண்டு கிளம்பும்போது மிஸ் நிறுத்தினார். "கணக்குப்பதிவியல் முடிஞ்சுது. இனிமே பொருளியல். உங்கம்மா கம்பெனிக்குப் போயிருந்தா என்ன கிடைச்சிருக்கும்?"

12,000. மாவு ஆட்டுவதற்காக அம்மா விட்டுக்கொடுத்தது அது. பாடப்புத்தகத்தில் ‘வாய்ப்புச் செலவு’ என்று வருவது இதுதான். எந்தக் கணக்கு நோட்டிலும் இது ஏறாது. ஆனால் கம்பெனியா, மாவா என்று முடிவெடுக்கும்போது இதுதான் முதலில் வரவேண்டும். 18,000-ல் 12,000 போக, மாவால் அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 6,000.

அந்த 6,000-ஐ மகள் மறுபடி பார்த்தாள். டிபன் கடைக்காரர் தரவேண்டிய பாக்கியும் 6,000. அது வராமலே போனால்? லாபம் 12,000 ஆகிவிடும். கம்பெனிச் சம்பளத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. அம்மாவின் ஒரு மாத உழைப்புக்குப் பலன் உண்டா இல்லையா என்பது இப்போது அந்த ஒரு கடைக்காரர் கையில் இருந்தது.

12 சதவீதமா, 21-ஆ?

சனிக்கிழமை கடன் கொடுப்பவர் வந்தார். "30,000 ரூபாய்ங்க. வட்டி 12 பர்சென்ட்தான். மாசம் 2,800. ஒரு வருஷத்துல முடிஞ்சிரும்."

மகள் கணக்குப் போட்டாள். மாதம் 2,800 வீதம் 12 மாதத்துக்கு 33,600. வட்டி மட்டும் 3,600. 30,000-க்கு 12 சதவீதம் 3,600தானே? சரியாகத்தான் இருக்கிறது.

பார்க்கத்தான் சரி. மாதா மாதம் அசலும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதம் போனால் கையில் இருப்பது ஏறக்குறைய பாதிக் கடன்தான். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 30,000-க்கும் போடப்படுகிறது. இதற்கு ஃபிளாட் வட்டி என்று பெயர். மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் 12 சதவீதம் போட்டிருந்தால், ஒரு வருஷ வட்டி 2,000 ரூபாய்கூட வராது. இவர் சொல்லும் 2,800 ரூபாய்த் தவணையை அந்த முறையில் பார்த்தால், உண்மையான வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனானாலும் சிறுதொழில் கடனானாலும், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டு வாங்கத் தெரிவதும் ஒரு பாடம்தான்.

"அந்தத் தாளைக் குடுங்கண்ணா, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றாள் மகள். வந்தவர் அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்மா அன்று மாலையே டிபன் கடைக்குப் போனார். "போன பாக்கியில பாதியாச்சும் குடுங்க. இனிமே வாரா வாரம் கணக்கு முடிச்சிரலாம்" என்றார். 3,000 ரூபாய் கைக்கு வந்தது. கம்பெனிக்குப் போகும் பேச்சு நின்றது. இரண்டாவது கிரைண்டர் பேச்சும் தள்ளிப்போனது. இப்போது நோட்டில் ‘வரவேண்டியது’, ‘தரவேண்டியது’ என்று இரண்டு புதிய பத்திகள் இருக்கின்றன. சனிக்கிழமை தோறும் எழுதுவது மகள் வேலை.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, எந்தப் பிரிவு படிக்கும் பிள்ளையிடமும் இந்த ஐந்தையும் கேட்கலாம். விடைக்கு இரண்டு மார்க், ‘ஏன்’ என்பதற்கு எட்டு மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். 2004-ல் அமெரிக்காவில் 50 வயது தாண்டியவர்களிடம் வட்டி, விலைவாசி, முதலீடு பற்றி மூன்று எளிய கேள்விகள் கேட்டபோது, மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். முதலில் நீங்களே ஒரு தாளில் விடை எழுதி மடித்து வைத்துவிடுவது நல்லது.

1. ரூ.1,000-ஐ 10 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டால், மூன்று வருஷம் கழித்து ரூ.1,300 இருக்குமா, அதிகமா, குறைவா?

2. வங்கி வட்டி 6 சதவீதம், விலைவாசி ஏற்றம் 7 சதவீதம். ஒரு வருஷம் கழித்து அந்தப் பணத்தில் இன்றைவிட அதிகப் பொருள் வாங்க முடியுமா, குறைவாகவா?

3. நம் கணக்கு நோட்டில், வங்கியில் பணம் ஏறினால் வங்கிக் கணக்கில் ‘பற்று’ வைக்கிறோம். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் மட்டும் ‘கிரெடிட்’, அதாவது வரவு என்கிறதே, எது சரி?

4. மாவு விலையை 50-லிருந்து 55 ஆக்கினால், நாளைக்கு 30 கிலோ விற்றது 27 கிலோவாகக் குறையும். விலையை ஏற்றலாமா? அரிசி, உளுந்துச் செலவு கிலோவுக்கு சுமார் 27 ரூபாய்.

5. ‘கிரைண்டருக்கு 30,000 போட்டாச்சு, அதுக்காகவாவது தொழிலைத் தொடரணும்.’ இது சரியான காரணமா?

விடைகள்

1. அதிகம். ரூ.1,331. வட்டிக்கும் வட்டி சேர்வதால் வந்தது கூடுதல் 31. கடன் வாங்கும்போதும் இதே விதிதான், அங்கே அது நமக்கு எதிராக வேலை செய்யும்.

2. குறைவாகத்தான் வாங்க முடியும். பணம் கூடியிருக்கிறது, அதன் பலம் குறைந்திருக்கிறது.

3. இரண்டும் சரி. நம் நோட்டை நம் பக்கத்திலிருந்து எழுதுகிறோம். வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது. நாம் போட்ட பணம் வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். அதனால் அதன் ஏட்டில் நம் பெயரில் வரவு.

4. விற்பனை ரூ.1,500-லிருந்து ரூ.1,485 ஆகிறது. 15 ரூபாய் குறைவு. ஆனால் மூன்று கிலோவுக்கான அரிசி, உளுந்துச் செலவு சுமார் 80 ரூபாய் மிச்சம். நாளைக்கு ஏறக்குறைய 65 ரூபாய் லாபம்தான் கூடுகிறது. இதோடு நிறுத்தாமல், போன வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்றும் பிள்ளை கேட்டால், பத்துக்குப் பத்து.

5. இல்லை. போட்ட பணம் போட்டதுதான். இன்று பார்க்கவேண்டியது இரண்டு: கிரைண்டரை இப்போது விற்றால் என்ன கிடைக்கும், இனி வரும் மாதங்களில் மாவு என்ன தரும், கம்பெனி என்ன தரும்.

ஐந்தும் முடிந்தபிறகு, உங்கள் வீட்டு கரன்ட் பில்லையோ, தவணை அட்டையையோ பிள்ளையின் கையில் கொடுத்து, இதில் எனக்குப் புரியாதது எது என்று கண்டுபிடி எனச் சொல்லுங்கள். அடுத்த தேர்வு அங்கிருந்து தொடங்கலாம்.